ஆனிக் காற்று

சத்தம் வருது, ஆணி வரலை.
நாற்பது பம்புசெட்டுப் பெட்டிகள் மூடியில்லாமல்.
கேட்டில் லாரி.

ஹோஸைக் கழற்றினேன் முதலில்.
கழற்றாமல் மூக்கைத் திறந்த பொங்கியண்ணனின்
உள்ளங்கையில் இன்னும் கறுப்பாய் ஒரு புள்ளி.

கொக்கிபோல் மடங்கிக் கிடந்தது ஒன்று.
குறட்டால் பிடுங்கி, மாட்டி, அழுத்தினேன்:
வெறும் இருமல்.

“காத்து தொண்ணூறு காட்டுதுங்கக்கா”
என்கிறான் தயாளன்.

என்ன காத்து?
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
கிணத்துக்கடவுத் தகரத்தை ஆட்டும்
சாரல் காத்து.
அதைத்தானே மூன்று நாளாய்க் குடிக்கிறது கம்ப்ரசர்.

டேங்கின் அடித்திருகைத் திறந்தேன்.
சீறிக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர்,
துருநிறத்தில்
ஆனி மாசம்.

பின்வாயில் இரண்டு சொட்டு எண்ணெய்.
டப்.
தலை மறைய நாலு மூலையும்.

லாரிக்காரர் எட்டிப் பார்க்கிறார்:
“முடிஞ்சுதுங்களா?”

முப்பத்தொன்பதுங்க.