மணிக்கூண்டுக்கு வரி

வரிவிதிப்பு எண் 412, மவுண்ட் ரோடு, குன்னூர்.
தரைத்தளம்: வர்க்கி அடுப்பு, கடை.
மேல்தளம்: தையல்காரர் ஒருவர், எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர்,
பூட்டிய அறை ஒன்று.
அதற்கும் மேலே, பதிவேட்டின்படி,
பதினாலுக்குப் பதினாலு அடியில் ஒரு மணிக்கூண்டு.

"அதை எனக்குக் காட்டுங்க மேடம்" என்றார் மொய்து.
"இருந்தா ஒருநாளாவது ஏறி நின்னு
ஸ்டேஷனைப் பாத்திருப்பேன்ல."
முப்பத்தெட்டு வருஷமாக அதற்கும் சேர்த்துக் கட்டிய ரசீதுகளை
வர்க்கி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.
நெய் ஊறி ஊறி
ஒன்றின் எழுத்து இன்னொன்றில் தெரிந்தது.

ஓவர்சியர் போஜனோடு ஏணி வைத்து ஏறினேன்.
தகரம். தகரத்தின் மேல் பாசி.
குரங்கு திருகிப்போட்ட டிஷ் ஆண்டெனா.
நாலு மூலையிலும் முழங்கால் உயரத்துக்குக்
கருங்கல் கட்டு எழும்பி நின்றுபோயிருந்தது,
சொல்ல வந்ததை மறந்தவன் வாயைப் போல.
டேப்பை இழுத்தோம். பதினாலு. பதினாலு.
அளவு சரி. கூண்டுதான் இல்லை.

பழைய கோப்பை ஊட்டியிலிருந்து வரவழைக்க மூன்று வாரம்.
எனக்கு முன்பே கரையான் பாதி வாசித்திருந்தது.
மிச்சம்: பில்லிங் அண்ட் சன்ஸ், சகல சாமான் வியாபாரம், 1913.
(சன்ஸ் யாரும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில்
அவனும் மனைவியும் ஒரு நாயும்தான்.)
வரைபடத்தில் சிவப்பு மசியில் மணிக்கூண்டு.
அதைப் பார்த்தே வரி போட்ட குமாஸ்தா
நவம்பர் மழையில் வெளியே இறங்கச் சோம்பியிருக்கலாம்.
அவரை நான் குறை சொல்லப்போவதில்லை.

அடுத்த விசாரணைக்கு மொய்து
துண்டில் சுற்றி ஒரு சாஸர் கொண்டுவந்தார்.
பூட்டிய அறையில், வைக்கோலுக்குள், ஆறு டஜன் கிடந்ததாம்.
வெள்ளைப் பீங்கான், பொன் விளிம்பு, நடுவில் அவர் கடை.
கடையின் தலையில் கட்டைவிரல் உயரத்துக்கு
மணிக்கூண்டு. மணி நாலு பத்து.
கீழே நாடா போல வளைத்து, இங்கிலீஷில்,
'குன்னூர் நினைவாக'.

கட்டி முடிக்கும் முன்பே ஆர்டர் போயிருக்கிறது.
சாஸர்கள் கப்பலேறி வந்துவிட்டன.
கூண்டுக்கான இரும்பு வருமுன் சண்டை வந்துவிட்டது.

திருப்பிப் பார்த்தேன்.
அடியில் எதையோ உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள்.
நகத்துக்குச் சொரசொரத்தது.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்
ஜெர்மனி.
எதிரி நாட்டுச் சரக்கை ஊர் நினைவாக்க
யாரோ ஒரு கடைப்பையன்
ஒவ்வொன்றாக, கை எரிய, தேய்த்திருக்கிறான்.

"இது உங்களுக்கு எதிரான சாட்சியாச்சே" என்றேன்.
மொய்து சிரிக்கவில்லை.
"படம் போட்டவன் குன்னூரைப் பாத்திருக்கானா, அதைச் சொல்லுங்க."

உத்தரவு எழுதினேன்:
பார்வை இரண்டில் கண்ட மணிக்கூண்டு
புலத்தணிக்கையில் காணப்படாததால்
நடப்பு அரையாண்டு முதல் நீக்கப்படுகிறது.
முன்பு செலுத்திய தொகை திருப்பித் தர இயலாது.
பதினேழு வருஷ வேலையில்
நான் இடித்த ஒரே கட்டடம்.
தூசி இல்லை, ஸ்டே ஆர்டர் இல்லை,
ஒரு ரப்பர் முத்திரையில் முடிந்தது.

மே மாத சீசனில் அந்தப் பக்கம் போனேன்.
வர்க்கிக்குப் புது அட்டைப்பெட்டி.
மூடியில் மணிக்கூண்டு, பொன் விளிம்பு, நாலு பத்து.
ஃப்ரிட்ஜ் காந்தம் நூற்றிருபது ரூபாய்.
சாவிக்கொத்து எண்பது.

சேலத்துக் குடும்பம் ஒன்று
பெட்டியையும் கூரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து
"கூண்டு எங்கண்ணே?" என்றது.
தட்டைத் துடைத்தபடியே
முகவாயை மேலே தூக்கினார் மொய்து.
"மஞ்சு இறங்கியிருக்கு. விலகினா தெரியும்."

என்னைக் கண்டதும் கேட்காமலே கால் கிலோ கட்டினார்.
காசு கொடுத்து ரசீது கேட்டேன்.
அதிலும் இருந்தது.