பதினெட்டாவது படத்தில் வாய் திறந்தான்

ஊமையாய் இருந்தவரை
அவன் தமிழில்தான் பேசினான்.

பதினேழு படங்கள்.
ஏணியோடு வருவான், ஏணி அவனைத் துரத்தும்.
சாயம் பூசப் போன வீட்டில்
பியானோவுக்குள் கால் மாட்டும்.
போஸ்டரில் இருந்த இங்கிலீஷ் பெயர் எங்களுக்கெதற்கு?
ஜாலான் புசார் கொட்டகையின் பத்துக்காசுப் பெஞ்சில்
அவன் பெயர் தொப்பைத் தண்டல்.

குரல் கொடுத்தது
நிலக்கரிக் கிடங்குச் சவரிராயன்.
வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு
திரையைப் பார்த்துக் கத்துவான்:
"ஏலே, கூலி ஏணிக்கா உனக்கா?"
தமிழே தெரியாத ரொட்டிக்காரச் சீனரும்
தொடையில் அடித்துக்கொள்வார்.

பதினெட்டாவது, பேசும் படம்.
பதினைந்து காசு.
அத்தனை பெரிய உடம்புக்குள்ளிருந்து
மூடி இறுகிய கெட்டில் போல ஒரு கீச்சு.
மாடியில் துரைமார் சிரித்தார்கள்.
அவர்களைப் பார்த்து, அரை நொடி கழித்து, கிராணிகள்.
எவனாவது விழுவான் என்று நாங்கள் காத்திருந்தோம்.
யாரும் விழவில்லை.
மேசையைச் சுற்றி உட்கார்ந்து
பேசினார்கள், பேசினார்கள்.
சவரிராயன் இரண்டு தடவை வாயெடுத்தான்.
மாடியிலிருந்து "உஷ்".
வெற்றிலையை விழுங்கியிருப்பான்.

மூன்றாம் ரீலில்
மெஷின் அறை இசைத்தட்டில் ஊசி ஒரு கோடு தாண்டியது.

தண்டல் முத்தம் கேட்கக் குவித்த வாயில்
மாமியார்க்காரி குரல்.
அவள் கை ஓங்கினாள், குரைத்தாள்.
நாய் வந்து, காலை மடித்து உட்கார்ந்து,
வெகு மரியாதையாக
அவனுடைய கீச்சில் ஏதோ விண்ணப்பித்தது.
கதவு சாத்தி, அவன் தெருவைக் கடந்து,
டிராமில் ஏறி உட்கார்ந்த பிறகு
"டமார்" என்று கதவு சாத்தியது.

பெஞ்சு உடைந்தது. நிஜமாகவே, நடுக்கால்.
காசைத் திருப்பிக் கொடு என்று துரைமார் இறங்க,
தவுக்கே படியேறி ஓடிய செருப்புச் சத்தமும்
படத்தோடு சேர்ந்துகொண்டது.
சவரிராயன் எழுந்து நின்று
நாய்க்காகத் தமிழில் வாதாடினான்.

மறுநாளும் போனோம்.
ஊசி ஒழுங்காக ஓடியது.
அவரவர் வாய்க்கு அவரவர் குரல்.
அப்படியொரு துக்கப்படம் நான் பார்த்ததில்லை.

பத்தொன்பதாவது வந்த அன்று
டிக்கெட் வாங்குமுன் சவரிராயன்
பின்கட்டுப் படியில் நின்றான்.
மெஷின்காரர் சேகு மதாரின் சட்டைப் பையில்
ஐந்து காசைப் போட்டு
மெதுவாகக் கேட்டான்:

"அண்ணே, இன்னிக்கும்
கொஞ்சம் கை தவறாதா?"