மறதிக்காரி

குடத்தனை மணலுக்கு மறதி.
காலமை ஆறு மணிக்கு இறைத்த தண்ணியை
எட்டு மணிக்குக் கேட்டால்
எந்தத் தண்ணி என்று கேட்கும்.

இரண்டு பரப்பு வெங்காயம்.
நாளுக்கு இரண்டு இறைப்பு.
கூட இழுத்தால் கிணறு கரிக்கும்,
கடல் அடியால் வந்து
மெசினின் வாய்க்குள் நாக்கை நீட்டும்.
மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதும் கொப்பியின்
கடைசித் தாளில் குத்திக் கிடக்கிறது
அடகுச்சீட்டு, ஒரு சோடித் தோடு.

பருத்தித்துறைத் தும்பு ஆலையின் பின்மதிலோடு
கறுத்துக் குவிந்து கிடந்தது கழிவு.
தும்புத்தடிக்கும் கயிற்றுக்கும் ஆகாத துண்டுகள்,
தும்மல் எழுப்பும் தூள்.
"அள்ளிக்கொண்டு போங்கோ, புண்ணியமாப் போகும்"
என்று சொன்னா கணக்கெழுதும் யசிந்தா.
லான்ட்மாஸ்டரில் ஒன்பது நடை.
ஒழுங்கை முழுக்கச் சிந்தின தும்புக்கு
அயல் எனக்கு வைத்த பேர்: மெத்தைக்காரி.

முதல் போகம் அயல் சிரித்தது.
பச்சையாகவே கொத்திப் புரட்டியிருந்தேன்.
தும்புக்கும் பசிக்கும் என்று ஆர் கண்டது?
பயிருக்குப் போட்ட யூரியாவை
அதுதான் முதல் பந்தியில் குந்தித் தின்றது.
வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகி
பூனை மயிர்போல் படுத்தது.
விதைக்காசும் வரவில்லை.
அன்றைக்குக் கொப்பியில் ஒரு வரி:
இனி இல்லை.
அதைக் குறுக்கால் கீறினதும் நான்தான்.

மாரிக்கு முன் கிடங்கு வெட்டி
தும்பு ஒரு படை, ஆட்டெரு ஒரு படை,
வேலிப் பூவரசங் குழை ஒரு படை.
ஐப்பசி முழுக்க மழை மிதித்தது.
மார்கழியில் கையை விட்டேன், சுட்டது.
சூடு இறங்கத் தை கழிந்தது.
மாசியில் அள்ளினால்
தும்பா எருவா என்று பிடிகொடுக்காத ஒன்று,
பிழிய ஒரே ஒரு சொட்டு.

இப்போது இரண்டு நாளைக்கு ஓர் இறைப்பு.
எல்லாப் பாத்திக்கும் இல்லை. கிடங்கு காணாமல்
கிழக்கில் ஏழு பாத்தி
பழைய மறதியோடுதான் கிடக்கிறது.

இராத்திரி ஆருடையதோ நாய்
தோட்டத்தைக் குறுக்கறுத்துப் போயிருக்கிறது.
மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசிப் பேசி வந்தேன்.
கிழக்கில் வெறும் குழி, சரிந்து மூடிய குழி.
மேற்கில்,
நாலு விரலும் நகமும்
அச்சொட்டாக,
விடியுமட்டும் வைத்திருந்திருக்கிறது மண்.

நாய்க்குப் பேசின பேச்சு
பாதியில் நின்றுவிட்டது.