நாற்பது விநாடி

பதினொரு மாதத் தவணையில் கட்டி முடித்த யாத்திரை.
பத்து நாள், ஏழு சபைகள்,
டிப்ஸ் தனி.
ஆராதனை முடிந்து கூடத்தில்
போதகர் எடிசன் வரைபடம் விரித்தபோது
குளிர் எத்தனை டிகிரி என்று கேட்டாள் ரோஸ்லின்.
நான் கேட்டது ஒன்றுதான்:
வண்டி ஓட்டுவது யார்?
சிரித்தார்கள்.
இருபத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டுகிறவன்
வேறென்ன கேட்பான்?

ஓட்டியவன் பெயர் ஒர்ஹான்.
அவன் தோளுக்குப் பின்னால் என் இடம்.
எல்லாரும் ஆலிவ் மரங்களைப் பார்க்க
வளைவுக்கு முன்பே அவன் கியர் இறக்குவதைப் பார்த்தேன்.
நல்ல கை. பிரேக்கை நம்பாத கை.
எங்கள் வண்டிகளில் கியர் என்பதே மறந்துபோய் வருஷமாச்சு.
மதியம் நின்றபடி டீ குடித்தோம்.
இடுப்பைத் தொட்டு முகம் சுளித்தான்.
நானும் என் இடுப்பைத் தொட்டேன்.
அவ்வளவுதான் பேச்சு.

எபேசுவில்
பளிங்குத் தெரு முடிகிற இடத்தில் நின்று
இங்கேதான் துறைமுகம் என்றாள் வழிகாட்டி நிலூஃபர்.
புல். தவளைச் சத்தம்.
ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில்
கடல் மெல்ல மெல்லத் தள்ளிப் போய்விட்டதாம்.
அடடா என்றார்கள், படம் எடுத்தார்கள்.
பீச் ரோட்டில் தினம் நாலு நடை போகிறேன்,
அங்கே மட்டும் என்ன, அலையா அடிக்கிறது?
நாங்கள் லாரி லாரியாய் மண் கொட்டித் தள்ளினோம்.
இவர்களுக்கு
யாரும் பார்க்காதபோது தானாய்ப் போயிருக்கிறது.
ரோஸ்லின் முழங்கையால் இடித்தாள்:
ஜெபிக்கிற நேரம்.

லவோதிக்கேயாவில் உடைந்த தண்ணீர்க் குழாய்,
உள்ளே கல்லாய்ப் படிந்த சுண்ணாம்பு.
ஊற்றில் கொதித்த நீர்
ஊருக்குள் வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிடுமாம்.
ஆண்டவர் துப்பிவிடுவேன் என்றது அதைத்தானாம்.
இரவு ஓட்டலில் பியூலா அக்கா
வழக்கம்போல வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிலதெல்பியாவில் பார்க்க அதிகமில்லை.
வீடுகளுக்கு நடுவே பருத்த செங்கல் தூண்கள்,
பக்கத்து மாடியில் காயும் துணி.
இந்தச் சபைக்குச் சொல்லப்பட்டது
யாரும் பூட்ட முடியாத திறந்த வாசல், என்றார் போதகர்.
கண்களை மூடினோம்.
எனக்கு வந்தது
பிடோக்கில் ஒரு விடியற்காலை நிறுத்தம்.
மழை. ஒருவன் ஓடி வருகிறான்,
கையில் சோற்றுப் பொட்டலம்,
முழங்கையில் ஆடும் மஞ்சள் தலைக்கவசம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றரை நிமிடம் தாமதம் என்று
திரை சொல்லிக்கொண்டிருந்தது.
கதவை இரண்டு தட்டு தட்டினான்.
எந்த வருஷம் என்று நினைவில்லை,
தட்டிய சத்தம் இருக்கிறது.
ஆமென் என்றார்கள்.
நான் கொஞ்சம் பிந்திச் சொன்னேன்.

திரும்பி வந்த மூன்றாம் நாள்,
டெப்போவிலிருந்து முதல் நடை.
காற்சட்டைப் பையில் எபேசுவின் கூழாங்கல்,
எடுக்கக் கூடாதென்று நிலூஃபர் சொல்லியும் எடுத்தது.
அதே நிறுத்தம். அன்றும் மழை.
இடது கண்ணாடியில் ஒருவன்
குடையில்லாமல், பையை நெஞ்சோடு அணைத்தபடி
ஓடி வருகிறான்.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
பத்து. இருபது.
மழை படியேறி உள்ளே வந்தது.
பின்னால் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.
முப்பது. திரையில் எண் சிவந்தது.
வா தம்பி, என்றேன், வாய்க்குள்.
நாற்பது.

வந்தான்.
கதவைத் தாண்டினான்.
ஓட்டம் நிற்காமலே
எனக்கில்லை என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு
சற்று முன்னால் நின்ற லாரியின்
பின்பக்கம் தாவி ஏறிக்கொண்டான்.
யாரோ அவனுக்குக் கை கொடுத்தார்கள்.

கொஞ்ச நேரம் பொத்தானைப் பார்த்திருந்தேன்.
கூழாங்கல் தொடையில் உறுத்தியது.
கதவைச் சாத்தினேன்.
பீச் ரோட்டுக்கு
இன்னும் பல நிறுத்தங்கள்.