எண்பது சதவீதம்

பலாப்யே கடையில்
நாற்பது சதவீத வலை தீர்ந்துவிட்டதாம்.
எண்பதை எடுத்துக்கொண்டேன்.
நிழல்தானே, கூடினால் என்ன கெட்டுவிடும்?
எங்கள் காசுக்குப் பெயர் பூலா. மழை என்று பொருள்.
மழையைக் கொடுத்து
நிழல் வாங்கி வந்தேன்.

மொபானிக் கம்பங்களில் இழுத்துக் கட்டிய அன்று
தக்காளிக்கு முன்னால் நான்தான் போய்
அதன் கீழே உட்கார்ந்தேன்.

மூன்றாம் வாரம்
செடிகள் என் தோளைத் தொட்டன,
வெளிறி, கழுத்து நீண்டு,
வலைக்கண்களில் எதையோ துழாவியபடி.
பூ நான்கு. காய் இல்லை.
கையை நீட்டிப் பார்த்தேன்,
மண்ணில் அதன் நிழல் விழவே இல்லை.

பக்கத்துத் தோட்டத்து பொய்கான்யோவிடம் நாற்பது இருந்தது.
அவள் கீரை ஓரமெல்லாம் கருகிக்கொண்டிருந்தது.

ஞாயிறு, தேவாலய உடுப்பை மாற்றாமலே
ஏணி போட்டு
இரண்டு கூரைகளையும் அவிழ்த்தோம்.
வலை கைமாறும்வரை
பாத்திகள் வெறும் வானத்தின் கீழ் கிடந்தன.
பொய்கான்யோ தன் குடையை விரித்து
என் தக்காளிக்குப் பிடித்தாள்.
ஒரு செடிக்குத்தான் காணும்.

இப்போது என் மண்ணில்
சலித்தெடுத்த வெயில், பொடிப்பொடியாக.
வலையின் மூலையில்
அவள் போட்ட பழைய முடிச்சு ஒன்று.
பல்லால் கடித்தும் பார்த்துவிட்டேன்,
அவிழவில்லை.