ஒன்பது நாள்

சட்டத்தரணி ஹிமாயா கதைக்கிறா.
வாய் அசையுது, வளையல் அசையுது,
மேலே காத்தாடி சுத்துது.
கல்முனைக் கோட்டடியில் இந்தச் சின்ன அறை
எனக்குச் சத்தமில்லாத படம்.
மகள் விதுர்ஷிகா பக்கத்தில் இருந்து
பழைய கொப்பியின் கடைசித் தாளில்
எழுதிக் காட்டுறாள்.

அவ அஞ்சு நிமிசம் கதைச்சால்
இவள் எழுதுறது நாலு சொல்:
"பிழை எல்லாம் வழக்கில்லை, அப்பா."

சரி.
பிழை எனக்குத் தெரியும்.
பெரியகல்லாற்றுப் பாலத்தடியில் ஒருதரம்
மழைக்குள்ள மாடு குறுக்க வந்து
பக்கக் கண்ணாடி உடைஞ்சது. அது பிழை.
டிப்போவில் விசாரிச்சு, எழுதி, விட்டுட்டாங்க.
ஆனா பிரேக் பிடிக்குதில்லை எண்டு
விடியவே நான் சொல்லியும்
"பஸ்ஸை எடு" எண்டு ஒராள் சொல்லியிருந்தால்
அதுக்கு என்ன பேர்?

மகள் எழுதுறாள்: "அதைத்தான் நாம காட்டவேணும்."

என்ட கிளினிக் கொப்பி நீலம்.
முதல் பக்கத்திலேயே வட்டம் போட்டு
சிறுநீரகம் பலவீனம் எண்டு கிடக்கு.
கால் புண்ணோட வாட்டில் படுத்த அண்டைக்கு
தலையணைக்குப் பக்கத்தில் வச்சன்.
ஒருத்தரும் திறக்கல்ல எண்டு சொல்லமாட்டன்.
ஒரு தாதி திறந்தா, நெத்தி சுருங்கினா,
டொக்டரிட்டச் சொல்றன் எண்டா.
அவட முறை ஆறு மணிக்கு முடிஞ்சது.

ஜென்டாமைசின்.
நாளுக்கு ரெண்டு ஊசி, ஒன்பது நாள்.
நாலாம் நாள் காதுக்குள்ள சில்வண்டு. சொன்னன்.
அஞ்சாம் நாளும் சொன்னன்.
"வயசு" எண்டார் ஒருவர்.
எனக்கு நாப்பத்தெட்டு.
ஏழாம் நாள் சில்வண்டு நிண்டது,
அதோட எல்லாம் நிண்டது.
ஊசி இன்னும் ரெண்டு நாள் போச்சு.

கால் ஆறிற்று.
அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்யன்.

ஹிமாயா விரலை மடிக்கிறா. மகள் எழுதுறாள்:
"பார்க்கிற கடமை இருந்தது.
பார்க்கல்ல. காட்டலாம்.
காது போனது. சோதனைச் சீட்டு இருக்கு.
ஊசியாலதான் போனது"
இதில் பேனை நிண்டது.
ஹிமாயா நிறையக் கதைச்சா,
சன்னலைப் பார்த்துக்கொண்டு கதைச்சா.
"அதை இன்னொரு டொக்டர் வந்து சொல்லவேணும்."

ஆர் சொல்லுவார்?
அக்கரைப்பற்று மட்டக்களப்பு ஓட்டத்தில்
முன் சீட்டில் இருந்து
எலும்புகளின் பேரை முணுமுணுத்துப் படிச்ச பெடியன்
இப்ப பெரிய வைத்தியர். கடிதம் போட்டோம்.
அனுதாபம் தெரிவிச்சு ஒரு வரியில் பதில்.
டொக்டர்மாருக்கு எழுத்து விளங்காது எண்டுவாங்க.
அது அவ்வளவு வடிவான கையெழுத்து.

"வீட்டுக்கு விட்டது எத்தினையாம் தேதி?"

ரெண்டு வருசம்தான் சட்டம் காத்திருக்குமாம்.
நானும் காத்திருந்தன்.
மூண்டு மாசத்தில் கேட்கும் எண்டு எழுதிக் காட்டினாங்க.
பிறகு ஆறு எண்டாங்க.
பிறகு ஒண்டும் எழுதல்ல.
இருபத்தொரு வருசம் நேரசூசியில் ஓடின மனிசன்,
என்ட கடைசிப் பஸ்ஸை நானே
நிண்டு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

மிச்சம் நாப்பது நாள்.
அரசாங்க ஆஸ்பத்திரி எண்டபடியால்
சட்டமா அதிபருக்கு ஒரு மாச முன்னறிவித்தல்.
நாப்பதில் முப்பத்தொண்டு போனால்
மகள் கணக்குப் போடமுதல் எனக்குத் தெரிஞ்சிற்று.

"எவ்வளவு கேட்கிறது?"
சம்பளம், ஓவர்டைம், பென்சன்:
இவள் கீழே கோடு போட்டுக் கூட்டுறாள்.
கல்லடிப் பாலத்தில் கதவிடுக்கால் காத்து ஊதுறதுக்கு
அந்தத் தாளில் இடமில்லை.
இவள் கோபத்தில் கத்துற குரலுக்கும் இல்லை.
இப்ப இவள்ட கோபம்
பெரிய எழுத்தில், அடிக்கோட்டோட வருது.

கடிதத்தை ஹிமாயா என் பக்கம் திருப்பினா.
ஒப்பம் வச்சன்.
உள்ளங்கையை மேசையிலிருந்து எடுக்கல்ல.

கொண்டக்டர் ஆதம்லெப்பை தகரத்தில் தட்டுவார்.
ஒருக்கா எண்டா நிப்பாட்டு.
ரெண்டு எண்டா போ.

ரப்பர் முத்திரை விழுந்தது.
பலகைக்குள்ளால கைக்கு வந்தது:
ஒண்டு.
கால் தானா பிரேக்கைத் தேடிச்சு.

மகள் பேனையை மூடிற்றாள்.
நான் கையை அங்கேயே வச்சிருக்கிறன்.