பக்க வெளிச்சம்

வின்னிபெக். பெப்ரவரி.
வேனில் விட்டால் பட்டி உறைந்துபோகும் என்று
வாளியை இரவில் என் கட்டிலருகே வைத்து
காலையில் தூக்கிக்கொண்டு வந்தேன்,
குழந்தையைப்போல, சால்வை சுற்றி.

"ஒரு நாளில அடிச்சு முடியுமோ தங்கச்சி?"
அடிப்பது ஒரு நாள், அக்கா.
அதற்கு முன் மூன்று நாள்.
கலாரஞ்சினியின் முகத்தில் கணக்கு ஓடியது.
எல்லா வீட்டிலும் ஓடுகிற கணக்குத்தான்:
நிறத்துக்குக் காசு, சரி;
நிறமில்லாததற்கு எதற்கு?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
எப்படிப்பட்ட சுவர் என்று
ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

அடுப்படியைக் கழுவினேன்.
தாளிதமும் மீன்பொரியலும்
மூன்று வாளித் தண்ணீரைப் பிளேன்ரீ ஆக்கின.
நாலாவதில்தான் என் கை தெரிந்தது.
ஹீற்றர் காற்றில் மரம் சுருங்கித்
துருத்திக்கொண்டு நின்ற திருகாணிகளை
உள்ளே அனுப்பி, மேலே
கட்டைவிரலால் பட்டி.

கூடத்தில் மளிகைக்கடை நாட்காட்டி.
கழற்றக் கை வைத்தேன்.
"அதை விடலாமே."
விட்டால் அந்தச் சதுரம் மட்டும்
பழைய நிறத்தில் நிற்கும், அக்கா.

பின்னால் ஓர் ஓட்டை.
"கதவின்ர கைபிடி பட்டது."

கதவு எதிர்ச் சுவரில் இருந்தது.
கைபிடிகள் இடுப்பளவில் நிற்பவை;
இது தோளளவில்.
பதினாறு வருடமாகச் சுவர்களோடு இருக்கிறேன்,
இந்த உயரத்து ஓட்டைகளை எனக்குத் தெரியும்.
கீழே ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்த மனிதர்
இருமினார்.
அந்த இருமலையும் எனக்குப் பிடிக்கவில்லை.
அவர் படியேறிக் கொண்டுவந்து தந்த தேத்தண்ணியை
ஏணியின் மேல்தட்டில் வைத்து
ஆடை படியும்வரை ஆறவிட்டேன்.

ஓட்டையை அடைக்க
முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
நொறுங்கிய ஓரங்களைத் தாண்டி
நல்ல இடம் வரும்வரை
சதுரமாக வெட்டி எடுத்தேன்.
உள்ளே இருட்டு, கொஞ்சம் பஞ்சு, குளிர்.
பின்னால் ஒரு பலகைத்துண்டு திருகி
புதுத் துண்டைப் பொருத்தி
வலைநாடா ஒட்டி
ஒரு பூச்சு. காயவிட்டு, அதைவிட அகலமாய் ஒன்று.
மறுநாள் இன்னும் அகலமாய்.
காயம் ஒரு சாண்,
மருந்து மூன்று சாண்.

மூன்றாம் நாள் பின்னேரம்
விளக்குகளை அணைத்துவிட்டு
டோர்ச்சைச் சுவரோடு படுக்கவைத்துப் பிடித்தேன்.
நேர் வெளிச்சம் எதையும் மன்னிக்கும்.
பக்க வெளிச்சத்தில்
ஒரு கரண்டிக் கோடுகூட மலைத்தொடர்.

"தெரியுதோ?" என்று பக்கத்தில் வந்து நின்றார்.
வெளிச்சம் அவர் வலது கையிலும் விழுந்தது.
இரண்டு விரல்முட்டிகள் உள்ளே போயிருந்தன,
குறுக்கே வெள்ளையாய் ஒரு தழும்பு.

குப்பைப் பையிலிருந்து
நான் வெட்டியெடுத்த பழைய துண்டைத்
தானே குனிந்து எடுத்தார்.
கையைப் பொத்தி அந்த ஓட்டைக்குள் விட்டார்.
அளவெடுத்துச் செய்த காப்புப்போல
இருந்தது.

"பதினொரு வருசம்.
ஃபோன் வந்த அண்டைக்கு."
என்ன ஃபோன் என்று அவர் சொல்லவில்லை.
"இவர் ஒண்டும் கேக்கேல்ல.
அடுத்த நாள் கலண்டர் வாங்கிக்கொண்டு வந்து
கொழுவினவர்.
ஒவ்வொரு ஜனவரியும்
தானே மாத்துவார்."

ஆணி இருந்த இடத்தை
நான் ஏற்கெனவே அடைத்துவிட்டிருந்தேன்.

உப்புத்தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.
மெல்ல, அக்கா.
அழுத்தினால் பள்ளம் விழும்.
வட்டமாக, வட்டமாக,
ஓரம் எங்கே முடிகிறதென்று
விரலுக்கே தெரியக்கூடாது.
கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்.
புருவமெல்லாம் மா.

நான் கீழே இறங்கிப் போனேன்.
மூன்றாவது பீரியட் ஓடிக்கொண்டிருந்தது.
தேத்தண்ணி
இன்னும் கொஞ்சம் இருக்குமோ அண்ணை
என்று கேட்டேன்.